வட்டம் போட்டால் போதுமா?

கொரோனா பரவிக்கொண்டிருந்த 2020 ஏப்ரல் 24ஆம் தேதி ஓர் அறிவிப்பு வந்தது. சென்னை, கோவை, மதுரையில் 26 முதல் 29 வரை முழு ஊரடங்கு, மளிகைக் கடைகூடத் திறக்காது. மறுநாள் கோயம்பேட்டிலும் தெருமுனைக் கடைகளிலும் என்ன ஆனது என்று பார்த்தோமே! கூட்டத்தைக் குறைக்கப் போட்ட உத்தரவுதான், ஆனால் நாலு நாளைக்கான காய்கறியை ஒரே காலையில் வாங்கியாக வேண்டும் என்றால் யார்தான் இடைவெளி விட்டு நிற்கத் தரையில் போட்ட வெள்ளை வட்டத்துக்குள் பொறுமையாக நிற்பார்கள்? 'ஜனங்களுக்குப் பொறுப்பே இல்லை' என்று திட்டியவர்களில் பாதிப் பேர் வீட்டில் ஃப்ரிட்ஜ் நிறைந்திருந்தது என்பது என் சந்தேகம்.

அதே மாதம் ரேஷன் கடையில் 1000 ரூபாய் நிவாரணம் கொடுத்தபோது தேதியும் நேரமும் போட்ட டோக்கன் தந்தார்கள். எல்லா இடத்திலும் ஒழுங்காக நடந்தது என்று சொல்ல மாட்டேன், ஆனாலும் நம் முறை எப்போது, நம் பங்கு தீர்ந்துவிடாது என்பது தெரிந்தால் முண்டியடிக்க அவசியமே இல்லை.

கடை வாசல் பரவாயில்லை, ஒழுங்குபடுத்திவிடலாம். ஒற்றை அறையில் ஆறு பேர், மாடிக்கே ஒரு கழிப்பறை என்று இருக்கிறவர்களிடம் 'தொற்று வந்தால் தனி அறையில் இருங்கள்' என்று சொன்னது கேலி மாதிரி இருந்தது. அப்புறம் சாவு வீடு. கல்யாணத்துக்குப் போகாவிட்டால் சமாளித்துவிடலாம், பெரியப்பா இறந்தபோது போகவில்லை என்றால் சொந்தபந்தம் பத்து வருஷம் பேசும். அந்தப் பயத்துக்கு முன்னால் கொரோனா பயம் எம்மாத்திரம்?