எங்கள் வாய்க்காலின் 36 மணித்தியாலம்

மழை குறைந்த சிறுபோக நெல் விதைப்பில், கிளிநொச்சி இரணைமடுக் குளத்துத் தண்ணீர் எல்லாருக்கும் போதாது. குளத்தில் நிற்கிற தண்ணியைப் பார்த்துத்தான் எத்தனை ஏக்கர் விதைக்கலாம் என்று கூட்டத்தில் முடிவெடுப்பார்கள். பிறகு வாய்க்கால் வாய்க்காலாக முறை. எங்கள் கிளை வாய்க்காலுக்கு 36 மணித்தியாலம் கிடைத்தது. வயல்கள் 10. வாய்க்கால் தலைப்பிலிருந்து கடைசி வரை ஒவ்வொன்றுக்கும் வேண்டிய மணி: 5, 3, 6, 2, 4, 7, 3, 2, 1, 3.

காவலுக்குப் பெரியப்பா, அண்ணா, பக்கத்து வயல் மாமா. ஒரு வயலுக்குத் தண்ணி பாயும்போது இடையில் ஆள் மாறக் கூடாது. போன வருசம் அப்படி இரவு 2 மணிக்கு மாறப்போய், நடுவில் போன அரை மணித்தியாலம் யாருடைய கணக்கென்று இரண்டு வீட்டார் ஒரு மாதம் கதைக்கவில்லை. அந்த ஒரு மாதம் எனக்கு மனசுக்குச் சரியாகவே இல்லை.

கொப்பி என்னிடம். மூன்று பேருக்கும் காவல் மணியைச் சமமாகப் பிரிக்க வேண்டும். பெரிய வேலையை முதலில் எடு, அந்த நேரத்தில் ஆருக்குச் சுமை குறைவோ அவரிடம் கொடு. வழி இவ்வளவுதான். இப்படி மூன்று பேருக்குப் பிரித்தால், ஆகக் கூடச் சுமக்கிறவரின் சுமை, மிகச் சிறந்த பிரிப்பில் ஆகக் கூடச் சுமக்கிறவரின் சுமையைப்போல் 11/9 மடங்குக்கு மேல் போகாது என்று கணிதவியலாளர் ரொனால்ட் கிரகாம் 1969இல் நிறுவியிருக்கிறார். எனக்கு அச்சொட்டாகவே வந்தது: 7+3+2, 6+3+3, 5+4+2+1. ஆளுக்கு 12.

பெரியப்பா கொப்பியை விளக்கடியில் பிடித்துப் பார்த்தார்.

"பிள்ளை, 6ஆம் வயலுக்குப் பாய்ச்சிப்போட்டு 2ஆம் வயலுக்குத் திரும்பினா கீழ்வாய்க்கால் காய்ஞ்சு போயிடும். அதைத் திரும்ப நனைக்கிற தண்ணி ஆருடைய கணக்கு?"

உண்மைதான். வரிசை மாறக் கூடாதென்றால் எந்த வயலோடு வெட்டுவது என்பது மட்டுமே கேள்வி. ஆளுக்கு இத்தனை மணிதான் என்று ஒரு உச்சவரம்பை வைத்துக்கொண்டு தலைப்பிலிருந்து நிரப்பிக்கொண்டு போகலாம். 13 என்று வைத்தால் முதல் ஆளுக்கு 8, அடுத்தவருக்கு 12, மிச்சம் 16. நாலாவது ஆள் வேண்டும். 14 என்றால் 14, 13, 9 என்று மூன்று பேருக்குள் அடங்குகிறது. அதற்குக் கீழே இறக்க வழியில்லை.

மாமாவுக்கு 9 என்றதும் சுகமான காவல் என்றுதான் நினைத்தேன். விடிய வாய்க்கால் கடைசிக்குப் போனேன். தண்ணி கணுக்காலைக்கூட மூடவில்லை. 9ஆம் வயல் வரை ஒருமாதிரி ஒப்பேற்றிவிட்டார். 10ஆம் வயலுக்கு 3 மணித்தியாலமும் போய், கதவும் இறக்கியாயிற்று. கீழ்ப்பாதிப் பாத்திகள் வெடித்தபடியே கிடந்தன. அந்த வயல்கார அம்மா மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நின்றா. ஒன்றும் சொல்லவில்லை. கடைசி வயலுக்கு மணி அளக்கையில் தலைப்பின் ஓட்டத்தை வைத்து அளந்தது நான் விட்ட பிழை.

7 மணித்தியால வயல் எங்களுடையது. வரம்பைக் கட்டி, மேடு தட்டினால் 6 போதும். மத்தியானம் பெரியப்பாவிடம் சொன்னேன். கொப்பியை வாங்கி, 7ஐ அவரே வெட்டி 6 ஆக்கினார். கடைசி வயலுக்கு 4 எழுதினேன். அடுத்த முறைக்கு 14, 12, 10.