கூட்டம் இல்லாத தண்ணீர்மலை

பிறந்தது, வளர்ந்தது, வாக்கப்பட்டது எல்லாமே எனக்கு பட்டர்வொர்த். ஃபெரி ஏறினால் கால் மணி நேரத்தில் மலேசியாவின் பினாங்குத் தீவு. அப்படியிருந்தும் அங்கே முருகன் கோயில் இருக்கும் தண்ணீர்மலைக்கு நான் போனதெல்லாம் தைப்பூசத்தன்று மட்டும்தான். முருகனைப் பார்த்தேன் என்பதைவிட, எனக்கு முன்னால் ஏறியவரின் மஞ்சள் சட்டை முதுகைப் பார்த்தேன் என்பதே சரி. 2024 மே மாதம் அத்தை வராமல் இருந்திருந்தால், இன்றைக்கும் அந்த முதுகோடு நின்றிருப்பேன்.

அத்தைக்கு எழுபத்தெட்டு வயது. தேவகோட்டைப் பக்கம் ஒரு கிராமம். அவருடைய அப்பா, அதாவது என் தாத்தா, நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறி இங்கே வந்து, பினாங்கு ஸ்ட்ரீட்டில் செட்டியார்கள் தங்கித் தொழில் செய்த கிட்டங்கி ஒன்றில் சமையல் வேலை பார்த்தவர். பிற்பாடு என் அப்பாவும் வந்து இங்கேயே தங்கிவிட்டார். அத்தை மட்டும் ஊரை விட்டு நகரவில்லை. இந்த முறை அக்னி நட்சத்திரத்துக்குப் பயந்தோ என்னவோ, "வர்றேண்டி" என்று சொல்லிவிட்டார். திருச்சியிலிருந்து கோலாலம்பூர், அங்கிருந்து ரயிலில் பட்டர்வொர்த். இறங்கியதும் முதல் பேச்சு: "அங்க காயுது, இங்க அவியுது. வித்தியாசம் அவ்வளவுதான்."

ஒரு வாரம் இருந்தார். எங்கெல்லாம் கூட்டிப் போகலாம் என்று நான் கேபிள் ரயில், பூங்கா, கடற்கரை என்று திட்டம் போட்டு வைத்திருந்தேன். அத்தை கேட்டது ஒன்றே ஒன்று. "தண்ணீமலை எங்க இருக்கு?"

அதற்கு ஒரு கதை இருந்தது. தாத்தா எழுதிய கடிதங்களில் மேலே பிள்ளையார் சுழி, அதற்குக் கீழே "தண்ணீர்மலையான் துணை" என்றிருக்குமாம். ஊரிலும் செட்டியார் வீடுகளில் தண்ணீர்மலை என்று பெயர் வைத்தவர்கள் உண்டு. அத்தையின் எதிர்வீட்டுக்காரரே ஒரு தண்ணீர்மலைதான். அதனால் சின்ன வயதில், பழனிக்குப் பக்கத்தில் அப்படி ஒரு மலை இருக்கும் என்றே நினைத்துக்கொண்டிருந்தாராம். கடல் தாண்டி இருக்கிறது என்று தெரிந்தபோது கல்யாணமே ஆகிவிட்டதாம்.

புதன்கிழமை வைகாசி விசாகம். இங்கே அன்றைக்கே புத்தருக்கான வெசாக் விடுமுறையும்கூட. கூட்டத்துக்கு முன்னால் போய்விடலாம் என்று செவ்வாய்க்கிழமை கிளம்பினோம். முருகனுக்கும் செவ்வாய் உகந்ததுதானே. அத்தை நாலு மணிக்கே குளித்துவிட்டு உட்கார்ந்திருந்தார். ஆறரை மணிக்கும் ஜன்னலுக்கு வெளியே கும்மிருட்டு. "மணி சரியா ஓடுதாடி?" என்று சுவர்க் கடிகாரத்தைச் சந்தேகமாகப் பார்த்தார். நம் ஊர்க்காரர்கள் யார் வந்தாலும் இந்தக் கேள்வி வரும். இங்கே சூரியன் ஏழு மணிக்குத்தான் எட்டிப் பார்க்கும்.

முதல் சன்னதி அருவியோரம் இருந்ததால் வந்த பெயர் தண்ணீர்மலை. அருவிப் பக்கம் இப்போது 1884இல் தொடங்கிய தாவரவியல் பூங்கா. மலைமேல் இன்று நாம் பார்க்கும் பாலதண்டாயுதபாணி கோயிலுக்கு 2012 ஜூனில் கும்பாபிஷேகம் நடந்தது. அடிவாரத்தில் பிள்ளையாரை வணங்கிவிட்டு ஏற வேண்டும். மொத்தம் 513 படிகள்.

"பழனியில அறுநூத்துத் தொண்ணூத்தி மூணு. இது என்ன பிரமாதம்" என்று அத்தை சேலையைச் சொருகிக்கொண்டு ஏற ஆரம்பித்தார். எண்ணிக்கொண்டே ஏறினார். நூறு வரைக்கும் சத்தமாக, அதற்குப் பிறகு வாய்க்குள். இருநூற்றுச் சொச்சத்தில் உட்கார்ந்தார். மூச்சு வாங்கியபடியே, "எண்ணிக்கை விட்டுப்போச்சு. முருகன் எண்ணிக்கட்டும்" என்றார்.

அங்கே உட்கார்ந்தபோதுதான் அந்த இடத்தை நான் முதல்தடவையாகப் பார்த்தேன். தைப்பூசத்தில் படியே கண்ணில் படாது. பால்குடம், காவடி, தேங்காய்ச் சிதறல், மைக்கில் காணாமல் போன பிள்ளைகளின் பெயர்கள், இவ்வளவுதான். அன்றைக்குப் படியோரம் காட்டில் ஒரு சில்வண்டு விட்டுவிட்டுக் கத்திக்கொண்டிருந்தது. ராத்திரி பெய்த மழையின் ஈரம் சிமெண்டில் இன்னும் காயவில்லை. கீழே ஊர் முழுக்கக் கட்டடங்கள், அவற்றுக்கு அப்பால் சாம்பல் நிறத்தில் கடல், அதற்கும் அப்பால் எங்கள் பட்டர்வொர்த். வீட்டிலிருந்து இந்த மலையை எத்தனையோ நாள் பார்த்திருக்கிறேன். மலையிலிருந்து எங்கள் வீட்டுப் பக்கத்தைப் பார்த்தது அன்றுதான்.

கீழே இருந்து ஒரு சீன அம்மா ஏறி வந்தார். ஓட்டப்பயிற்சிக் காலணியைக் கையில் பிடித்திருந்தார். எங்களைத் தாண்டும்போது அத்தையைப் பார்த்து, மலாயில் "மெதுவா, மெதுவா" என்று சொல்லிவிட்டுப் போனார். நாங்கள் மேலே போய்ச் சேர்ந்தபோது, அவர் சன்னதிக்கு எதிரே கண்மூடி நின்றிருந்தார். தீபாராதனைத் தட்டு வந்ததும் ஒற்றிக்கொண்டு, விபூதியை வாங்கி அளவாக மூன்று விரலால் இட்டுக்கொண்டார். அத்தை என் காதைக் கடித்தார்: "உன்னைவிட நல்லா இடுறாடி." உண்மைதான். நான் ஒற்றை விரல் ஆசாமி.

தரிசனம் என்றால் அன்றைக்குத்தான் தரிசனம். எங்களோடு சேர்த்து ஏழெட்டுப் பேர் இருந்திருப்போம். யாரும் "நகருங்க, நகருங்க" என்று சொல்லவில்லை. அத்தை எதுவும் பாடவில்லை, வேண்டவும் இல்லை போலிருந்தது. பார்த்துக்கொண்டே நின்றார். கடைசியில் "அப்பா எழுதுன ஆளு நீதானா" என்று மெல்லச் சொன்னார். எனக்கு அழுகை வந்துவிடும்போல் இருந்ததால் மயிலைப் பார்க்கிற மாதிரி அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

இறங்கும்போது ஒரு குரங்கு அர்ச்சனைத் தட்டிலிருந்து வாழைப்பழச் சீப்பை அப்படியே தூக்கிக்கொண்டு போனது. தேங்காய் மூடி மிஞ்சியது. பூங்காப் பக்கத்துக் குரங்குகள் பைகளையே பறிக்கும், தட்டை மூடிப் பிடியுங்கள் என்று நான்தான் முன்னமே சொல்லியிருக்க வேண்டும். அத்தை கோபப்படவில்லை. "பழனியிலயும் இதே கூத்துதான். ஒரே குடும்பம் போல" என்றார்.

விசாகத்தன்று காலையில் அதே வாட்டர்ஃபால் ரோட்டில் இருக்கும் நாட்டுக்கோட்டை நகரத்தார் கோயில். 1857இல் எழுந்தது. உள்ளே நுழைந்ததும் அத்தை நடையே மாறிவிட்டது. தூண்களைத் தடவிப் பார்த்தார், முகப்பை அண்ணாந்து பார்த்தார். நம்ம ஊர் வீட்டுக்குள் வந்த மாதிரி இருக்கிறது என்றார். தைப்பூசத்துக்கு முதல் நாள் பினாங்கு ஸ்ட்ரீட் கோவில் வீட்டிலிருந்து முருகன் வெள்ளி ரதத்தில் இங்கேதான் வருவார். அந்த ரதம் 1894இல் காரைக்குடியில் செய்து கப்பலில் வந்தது என்று சொன்னேன். "காரைக்குடி வேலையா? அப்ப அசையாது" என்று முடித்துவிட்டார். ரதத்தின் வேலை அசைவதுதான் அத்தை என்று சொல்ல வாயெடுத்து, விட்டுவிட்டேன்.

மதியத்துக்கு மேல் லோரோங் பர்மா தெரு. எதிரெதிரே இரண்டு புத்தர் கோயில்கள்: 1803இல் தொடங்கிய பர்மியர் கோயில் ஒன்று, 33 மீட்டர் நீளப் பள்ளிகொண்ட புத்தர் இருக்கும் தாய்லாந்துக் கோயில் ஒன்று. வெசாக் என்பதால் நடக்க இடமில்லை. தங்க நிறத்தில் படுத்திருந்தவரைப் பார்த்ததும் அத்தை கன்னத்தில் போட்டுக்கொண்டார். "திருமயத்துப் பெருமாள் மாதிரியே கிடக்காரு." குழந்தை சித்தார்த்தர் சிலைக்குத் தண்ணீர் ஊற்றும் வரிசையிலும் போய் நின்றுகொண்டார். இது நம்ம சாமி இல்லையே என்றேன். "அபிஷேகம்தானே. யாருக்கு ஊத்துனா என்ன" என்றார். சாயங்கால ஊர்வலத்துக்குள் மழை பிடித்துக்கொண்டது. நாங்கள் ஃபெரியைப் பிடித்தோம்.

மலை ரயிலுக்கும் போனோம். 1923இலிருந்து ஓடுகிறது. மேலே நல்ல குளிர், அருளொளி திருமுருகன் கோயிலும் இருக்கிறது. அத்தைக்கு ரயில்தான் பிடிக்கவில்லை. கண்ணை இறுக்க மூடிக்கொண்டே ஏறி, மூடிக்கொண்டே இறங்கினார்.

சனிக்கிழமை லிட்டில் இந்தியா. குயின் ஸ்ட்ரீட் மகா மாரியம்மன் 1833இலிருந்து அங்கே குடியிருக்கிறாள். பூக்கடை, பாத்திரக்கடை, சத்தமாகப் பாட்டுப் போடும் சிடி கடை என்று எல்லாவற்றுக்கும் நடுவில், சின்னக் கோபுரம். கும்பிட்டுவிட்டு பினாங்கு ஸ்ட்ரீட்டுக்குப் போனோம். தாத்தா இருந்த கிட்டங்கி எது என்று தெரியாது, கதவு எண் எதுவும் அத்தையிடம் இல்லை. நீளமான ஒரு பழைய கடைவீட்டு வாசலில் நின்று உள்ளே எட்டிப் பார்த்தோம். கிட்டங்கி என்றால் என்ன என்று அத்தை எனக்குச் சொன்னார். நீளக் கூடம், ஆளுக்கொரு பெட்டியடி, பகலில் அதில் கணக்கு, ராத்திரி அதன் பக்கத்திலேயே பாய். சமையல்கட்டு கடைசியில். "அப்பா கடைசியிலதான் இருந்திருப்பாரு" என்று அந்த இருட்டுக் கோடி வரைக்கும் பார்வையை ஓட்டினார். உள்ளே மேசையில் செல்போன் பார்த்துக்கொண்டிருந்த பையன், என்ன வேண்டும் என்று கேட்டான். ஒன்றுமில்லை என்று நகர்ந்தோம். பக்கத்துக் கடையில் தே தாரிக் என்கிற பால் டீ. அதில் சர்க்கரை போதாது என்று சொன்ன முதல் ஆள் என் அத்தையாகத்தான் இருக்கும்.

ஊருக்குக் கிளம்பும் முந்தின ராத்திரி, மலையில் வாங்கிய விபூதியைச் சின்னச் சின்னப் பொட்டலமாக மடித்துக்கொண்டிருந்தார். காலண்டர் தாளைக் கிழித்து, ஒவ்வொன்றின் மேலும் பேனாவால் பெயர். மருமகள், பேரன், பால்காரர், பூசாரி. ஒரு பொட்டலம் மட்டும் மற்றவற்றைவிடப் பெரிசு. எடுத்துப் பார்த்தேன். "தண்ணீமலைக்கு" என்று எழுதியிருந்தது.

"எதிர்வீட்டுக்காரருக்கா?"

"ஆமா. எண்பத்தி ரெண்டு வயசாச்சு. பேரை மட்டும் வச்சுக்கிட்டு உக்காந்திருக்காரு, பாவம்" என்றபடி, இன்னும் ஒரு சிட்டிகை அள்ளி அதில் போட்டு மடித்தார்.