பணம் மூன்று வாரத்தில் சேர்ந்தது, கொடுத்து முடிக்கப் பதினான்கு மாதம்

போன வெள்ளிக்கிழமை காலை ஐந்தரை மணிக்கு அப்பாவை டயாலிசிஸ் பிரிவுக்கு வெளியே புதுக் கூரையின் கீழே உட்கார வைத்தேன். வெளியே அடை மழை. அவர் மேல் ஒரு சொட்டு விழவில்லை. இதற்காகத்தான் பதினான்கு மாதம் அலைந்தோம். அரசு ஆஸ்பத்திரிக்கு ஏதாவது செய்து கொடுக்க நினைக்கிற வேறு ஊர்க்காரர்கள் நாங்கள் பட்ட பாட்டைப் படக்கூடாது என்று எழுதுகிறேன். ஆஸ்பத்திரி பெயரும் ஆட்கள் பெயரும் வேண்டாம். குமரி மாவட்டத்தின் மேற்குப் பக்கம், அவ்வளவு போதும்.

பணம் சேர்ந்த கதை சின்னது. போன வருடம் மே மாதம் வளைகுடாவிலிருந்து லீவுக்கு வந்த பையன்கள் எங்கள் படிப்பகத்தில் உட்கார்ந்து பேசினார்கள், மறுநாளே பிரிவு, அதாவது பண வசூல், தொடங்கிவிட்டது. கோயில் கமிட்டியும் கொடுத்தது, சர்ச்சில் ஒரு ஞாயிறு காணிக்கையும் தந்தார்கள். ரப்பர் பால் வெட்டுகிற ஒரு அண்ணன் இரண்டு நாள் கூலியை அப்படியே கொண்டுவந்து மேசையில் வைத்தார். மொத்தம் 5,12,000 ரூபாய்.

எங்கள் பக்கத்தில் இது புதிதும் இல்லை. அம்மாச்சி உலையில் அரிசி போடும்போதெல்லாம் ஒரு பிடி எடுத்துத் தனிப் பானையில் போடுவார், அது சபைக்கு. அவர் தலைமுறைக்கு ஆஸ்பத்திரி என்றால் நெய்யூர்தான். 1838-இல் மிஷன் வைத்தியம் தொடங்கிய இடம். 1922-இல் எவரெஸ்ட் ஏறப் போன சாமர்வெல் டாக்டர் அதற்குப் பிறகு அங்கேதான் வருடக்கணக்கில் ஆபரேஷன் செய்துகொண்டிருந்தார். அந்தக் கதைகளைக் கேட்டு வளர்ந்த ஊரில் ஆஸ்பத்திரிக்கு என்று கேட்டால் யாரும் கதவைச் சாத்த மாட்டார்கள்.

பிரச்சினை பணம் கைக்கு வந்த பிறகுதான் ஆரம்பித்தது.

முதல் அடி லண்டன் பணத்தில். எங்கள் ஊர்க்காரர் ஒருவர் அங்கே இருபது வருடமாக இருக்கிறார், பிரிட்டிஷ் குடியுரிமை வாங்கிவிட்டார். ஆசையோடு 50,000 ரூபாய் படிப்பகக் கணக்குக்கு அனுப்பினார். வங்கியில் கேள்வி கேட்டார்கள். ஆடிட்டரிடம் ஓடினோம். வளைகுடாவில் இருப்பவர்கள் இந்தியக் குடிமக்கள். அவர்கள் சொந்தச் சம்பாத்தியத்தை வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. குடியுரிமை மாறியவர் அனுப்பினால், அவர் நம் ஊரில் பிறந்தவராகவே இருந்தாலும், அது வெளிநாட்டு நன்கொடை. அதை வாங்க மத்திய உள்துறையின் எஃப்.சி.ஆர்.ஏ. (வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம்) பதிவு வேண்டும். எங்களிடம் இல்லை. பணத்தைத் திருப்பி அனுப்பிவிட்டு அவரிடம் போனில் விளக்கிச் சொல்ல ஒரு மணி நேரம் ஆனது. அவருக்கு வருத்தம், எங்களுக்கும்தான். வசூல் தொடங்கும் முன்பே யாரிடம் எந்த நாட்டு பாஸ்போர்ட் இருக்கிறது என்று கேட்டுவிடுங்கள். கேட்கக் கூச்சமாக இருக்கும், பரவாயில்லை.

அடுத்தது ஸ்கேன் மெஷின். கர்ப்பிணிகள் ஸ்கேனுக்கு வெளியே போய்ப் பணம் செலவழிக்கிறார்கள், அதனால் அதையே வாங்கிக் கொடுப்போம் என்று கூட்டத்தில் முடிவானது. நானும் கை தூக்கினேன். ஆஸ்பத்திரியில் ஒரு வார்த்தை கேட்காமல் டீலருக்கு 50,000 ரூபாய் அட்வான்ஸ் கொடுத்துவிட்டோம். மெஷின் எடுக்கப் போனபோது அவர் கேட்டது ஆஸ்பத்திரியின் பதிவுச் சான்று நகலை. கருவில் ஆணா பெண்ணா என்று பார்ப்பதைத் தடுக்க 1994-இல் வந்த சட்டத்தின்படி, பதிவு இல்லாத இடத்துக்கு ஸ்கேன் மெஷினை விற்கவும் கூடாது, இனாமாகக் கொடுக்கவும் கூடாது. பதிவு உள்ள இடமாக இருந்தாலும் புது மெஷின் வந்தால் அதிகாரிக்கு முறையாகத் தெரிவிக்க வேண்டும். அட்வான்ஸ் வாங்கும்போது இதில் ஒன்றைக்கூட அவர் சொல்லவில்லை. திருப்பிக் கேட்டதற்கு இன்று நாளை என்று மூன்று மாதம் இழுத்து 35,000 கொடுத்தார். மீதி 15,000 போனது போனதுதான். அது பால் வெட்டுகிறவர் கூலியும் கலந்த பணம். இப்போது நினைத்தாலும் வயிறு எரிகிறது.

சான்று நகல் கேட்டு ஆஸ்பத்திரிக்குப் போன அன்றுதான் உண்மையும் தெரிந்தது. அப்பாவுக்கு வாரம் இரண்டு நாள் டயாலிசிஸ் போடுகிற சிஸ்டர் என்னை ஓரமாகக் கூப்பிட்டார்.

"அண்ணா, ஸ்கேன் மெஷின் இங்க ஏற்கெனவே இருக்கு. பாக்கதுக்கு டாக்டர்தான் வாரத்துல ரெண்டு நாள் வாறாவ. நீங்க இன்னொண்ணு தந்தா அதுவும் துணி போட்டு மூடித்தான் இருக்கும். பேஷன்ட் கூட வாறவங்களுக்கு இருக்கதுக்கு ஒரு எடம் உண்டா, சொல்லுங்க?"

இல்லை. எனக்கே தெரியும், ஒன்றரை வருடமாக நானும் அந்தப் படிக்கட்டில்தான் உட்கார்ந்திருக்கிறேன். ஒரு தடவை டயாலிசிஸ் முடிய நாலு மணி நேரம். ஆறு மணி ஷிப்டுக்கு மலையோரத்திலிருந்து வருபவர்கள் மூன்றரைக்கே வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டும். வந்து சேர்ந்து கதவு திறக்கும்வரை நோயாளியும் வெளியேதான். மழை பெய்தால் சுவரோடு ஒட்டி நிற்பார்கள். அந்தச் சிஸ்டரிடம் முதல் நாளே கேட்டிருந்தால் 15,000 ரூபாயும் நாலு மாதமும் மிச்சம்.

சரி, கூரை, நாற்காலி, குடிதண்ணீர், சக்கர நாற்காலி நாலு என்று புதுப் பட்டியல் போட்டோம். டயாலிசிஸுக்கு ஏற்கெனவே தண்ணீர் சுத்தம் செய்கிற ஆர்.ஓ. பிளான்ட் ஓடுகிறதே, அதிலிருந்து ஒரு குழாய் இழுத்துக் குடிக்கக் கொடுத்தால் போதாதா என்று எங்களில் ஒருவர் கேட்டார். டெக்னீஷியன் பொறுமையாகச் சொன்னார்: ஒரு ஆளுக்கு ஒரு தடவை போட 120 லிட்டர் சுத்தத் தண்ணீர் போகிறது, அதில் கை வைக்க முடியாது. அதனால் தனி பியூரிஃபையர்.

பிரசவ வார்டுப் பக்கம் ஏற்கெனவே ஒரு பியூரிஃபையர் இருந்தது. குழாய் உடைந்து, உள்ளே பல்லி முட்டை. மேலே 'உபயம்' என்று ஒரு பளிங்குப் பலகை, அதில் ஒன்பது பெயர். பலகையைத் தொட்டுப் பார்த்தேன், எழுத்தில் தங்க மை இன்னும் பளபளவென்று இருந்தது. பில்டர் மாற்றுவது யார் பொறுப்பு என்று அந்த ஒன்பது பேரும் பேசி வைக்கவில்லை. நாங்கள் மெஷினோடு சேர்த்து மூன்று வருட சர்வீஸுக்கு 30,000 ரூபாய் முன்கூட்டியே கட்டினோம். நீங்கள் என்ன பொருள் கொடுத்தாலும் பராமரிப்புப் பணத்தை முதலிலேயே தனியாக எடுத்து வைத்துவிடுங்கள்.

இனி அலுவலகம். நாற்காலியைக் கடையில் எடுத்து நேரே மினி லாரியில் ஏற்றி ஆஸ்பத்திரி வாசலில் இறக்கப் போனோம். மூன்று பேர் உட்காருகிற ஸ்டீல் நாற்காலி, பத்து. கொடுப்பதற்கு என்ன அனுமதி என்று நினைத்தோம். அங்கே இருந்த எழுத்தர் பில்லை வாங்கிப் பார்த்தார்.

"பில் படிப்பகம் பேர்ல இருக்கு. அப்போ இது உங்க பொருள். நான் எப்படி ஸ்டாக்ல ஏத்துவேன்?"

நன்கொடைக் கடிதம் எழுதித் தருகிறேன் என்றேன். இணை இயக்குநர் அலுவலக அனுமதி இல்லாமல் முடியாது என்றார். சொன்னதில் தப்பில்லை. சொன்ன விதம்தான். முகத்தைக்கூட நிமிர்த்தவில்லை. லாரிக்காரர் வெயிட்டிங் கேட்டார். நாற்காலிகள் திரும்பி வந்து வாரக்கணக்கில் படிப்பகத்தில் பேப்பர் படிக்கிறவர்களுக்கு இடைஞ்சலாகக் கிடந்தன.

அதற்குப் பிறகு அதே மேசைக்கு ஐந்து தடவை போனேன். ஒரு தடவை தீர்மான நகல் இல்லை. அதைக் கொண்டுபோனால் அதில் பொருளாளர் கையெழுத்து இல்லை. அடுத்து படிப்பகத்தின் பதிவுச் சான்று. சான்று இருந்தது, ஆனால் பதிவாளர் அலுவலகத்தில் நாலு வருடமாக ஆண்டுக் கணக்கு தாக்கல் செய்யவில்லை என்பது அப்போதுதான் வெளியே வந்தது. 1975-ஆம் வருடச் சங்கங்கள் பதிவுச் சட்டத்தில் பதிந்த எல்லாச் சங்கமும் வருடா வருடம் தாக்கல் செய்ய வேண்டும். அபராதம் கட்டிச் சரி செய்ய ஆறு வாரம். இது எங்கள் தப்பு, எழுத்தரைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் எல்லாக் குறையையும் முதல் நாளே ஒரு தாளில் எழுதித் தந்திருந்தால் ஐந்து நாள் வேலையைக் கெடுத்திருக்க வேண்டாம். அப்பாவை வீட்டில் தனியாக விட்டுவிட்டுப் போன நாட்கள் அவை.

கடைசியில் வழி காட்டியது ஓய்வு பெற்ற ஒரு தாசில்தார். அவர் சொன்னது இது: "மக்களே, மேசையில கொண்டு குடுக்காத. தபால் பிரிவுல குடு, நகல்ல சீல் வாங்கு. ரெண்டு நாள் கழிச்சு ந.க. எண் கேளு. எண் இருந்தா கோப்பு சாவாது." ந.க. எண் என்றால் அலுவலகம் அந்தக் கோப்புக்குப் போடுகிற எண். அப்படியே செய்தேன். எண்ணைச் சொல்லிப் போன் செய்தபோது பேச்சே மாறியது. பதினோராவது நாள் அனுமதிக் கடிதம் வந்தது. ஆஸ்பத்திரியின் நோயாளர் நலச் சங்கம் வழியாகப் பெற்று இருப்புப் பதிவேட்டில் ஏற்றிக்கொள்ளலாம் என்று இருந்தது. பில்லையும் ஆஸ்பத்திரி பெயருக்கு மாற்றிக் கொடுத்தோம். நாற்காலி, சக்கர நாற்காலி, பியூரிஃபையர் எல்லாம் ஒரே நாளில் உள்ளே போயின.

கூரைக்கு வேறு பாதை. எஸ்டிமேட் 7,20,000 ரூபாய், எங்களால் முடியாது. நமக்கு நாமே திட்டத்தில் மக்கள் குறைந்தது மூன்றில் ஒரு பங்கு கட்டினால் மீதியை அரசு போடும். கணக்குப்படி எங்கள் பங்கு 2,40,000. மனுவோடு மார்த்தாண்டத்தில் பஸ் ஏறி நாகர்கோவில் கலெக்டர் அலுவலகம் போனேன். போனது திங்கட்கிழமை. திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாள். அதிகாரிகள் எல்லாரும் கூட்ட அரங்கில், சீட்டில் ஒருவரும் இல்லை. இரண்டு மணிவரை காத்திருந்து திரும்பினேன். மறுபடி புதன்கிழமை போனால், ஊரக வளர்ச்சிப் பிரிவில் மனுவைப் படித்துவிட்டு, "ஆஸ்பத்திரி பேரூராட்சி எல்லைக்குள்ள வருது சார், இங்க இல்ல" என்றார்கள். எங்கள் ஊர் கிராம ஊராட்சி, ஆஸ்பத்திரி நிற்கிற மண் பேரூராட்சி. வேலை நடக்கிற இடம் எந்த எல்லையில் இருக்கிறதோ அந்த அலுவலகத்துக்குத்தான் போக வேண்டும். அங்கிருந்து நடந்து போகிற தூரத்தில் ஒரு கடையில் கட்டன் சாயா குடித்துக்கொண்டே மனுவை முதலிலிருந்து திருத்தி எழுதினேன்.

பேரூராட்சியில் செயல் அலுவலர் நல்ல மனிதர். சுகாதாரத் துறையின் தடையின்மைச் சான்று கேட்டார், இந்தத் தடவை எப்படி வாங்குவது என்று தெரியும். டிடி எடுத்துக் கட்டினோம். இடம் அளக்க வந்த பொறியாளரிடம் ஆம்புலன்ஸ் டிரைவர் ஒருவர் வந்து, வரைபடத்தில் மூன்றாவது தூண் நிற்கிற இடத்தைக் காலால் தட்டிக் காட்டினார். அங்கே தூண் வந்தால் 108 வண்டி ரிவர்ஸ் எடுக்க முடியாது. நாங்கள் யாரும் கவனிக்கவில்லை. தூணை நாலு அடி தள்ளிப் போட்டார்கள். நிர்வாக அனுமதி, டெண்டர் எல்லாம் தன் பாட்டுக்கு நடந்தன, நேரம்தான் எடுத்தது.

பெயர்ப் பலகை விஷயத்தில் எங்களுக்குள் ஒரு சண்டை. அதிகம் கொடுத்த ஒருவர் கல்வெட்டு வேண்டும் என்றார். பியூரிஃபையர் அருகே இருந்த பளிங்குப் பலகையைப் போனில் படம் பிடித்து வைத்திருந்தேன், காட்டினேன். அவர் ஒன்றும் பேசவில்லை. பலகை வைக்கவில்லை. வரவு செலவை மட்டும் பைசா வரைக்கும் எழுதி அச்சடித்து, டீலரிடம் போன 15,000 உட்பட, வீடு வீடாகக் கொடுத்தோம். மிச்சம் 15,000 ரூபாய் வங்கியில் கிடக்கிறது.

வெள்ளிக்கிழமை அப்பா நாற்காலியின் கைப்பிடியைத் தடவிப் பார்த்துக்கொண்டே இருந்தார். பக்கத்தில் கடையாலுமூட்டிலிருந்து வந்த ஒரு அம்மா பிளாஸ்கைத் திறந்து, மூடியில் சூடாக ஊற்றி மகனுக்குக் கொடுத்தார். இருவர் காலும் நனையவில்லை. கூரையின் வடக்கு ஓரத்தில் மட்டும் மழைத் தண்ணீர் ஒரே இடத்தில் கொட்டி, வார்டு வாசல் பக்கம் தேங்குகிறது. எஸ்டிமேட்டில் வடிகால் பைப் விட்டுப்போயிருக்கிறது. மனு கொடுத்தாயிற்று, எண்ணும் வாங்கியாயிற்று. வியாழக்கிழமை பேரூராட்சி அலுவலகம் போகிறேன்.