முடி மாத்திரையால் ஐந்து மாதம் அலைந்தேன்

முடி கொட்டுகிறது என்று பயோட்டின் என்கிற வைட்டமின் மாத்திரை சாப்பிடுகிறவர்கள், தைராய்டுக்கு ரத்தம் கொடுக்கப் போவதாக இருந்தால் இதைப் படித்துவிட்டுப் போங்கள். எனக்கு யாரும் சொல்லவில்லை.

மலேசியாவில், பேராக்கில் ஒரு தோட்டத்து டவுனில் இருக்கிறேன். செம்பனை ஆலை ஆபீசில் கிராணி (குமாஸ்தா) வேலை. தீபாவளிக்குத் தைத்த ரவிக்கை பொங்கலுக்கு ஏறவில்லை. நிறுத்துப் பார்த்தால் எட்டு கிலோ கூடியிருந்தது. ஏர்கோன் அறையில் மற்றவர்கள் சட்டைக் கையை மடித்துவிட்டிருக்க, நான் வீட்டுக்காரரின் ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு கணக்கெழுதினேன். குரல் கட்டிப்போய், போனில் என் மாமியாரே "யாரு, தம்பியா பேசுறது?" என்று கேட்டார். சீப்பை எடுத்தாலே கொத்தாக முடி.

எதிர்வீட்டு அக்கா முடிக்கு ஒரு மாத்திரை விற்கிறார். பாட்டிலில் பயோட்டின் 10,000 மைக்ரோகிராம் என்று பெரிதாகப் போட்டிருக்கும். வாங்கித் தின்னத் தொடங்கினேன். அக்காவைக் குறை சொல்ல மாட்டேன், அவரும் அதைத்தான் சாப்பிடுகிறார்.

கிளினிக்கில் ஒரு வெள்ளி (ரிங்கிட்) கட்டி, நம்பர் எடுத்து, ரத்தம் கொடுத்தது ஒரே காலையில் முடிந்தது. இரண்டு வாரத்தில் ரிசல்ட்: தைராய்டு நோர்மல், கொழுப்பு மட்டும் அதிகம். டாக்டர் ஸ்கிரீனிலிருந்து கண்ணை எடுக்காமலே "மக்கான் குராங்" என்றார், சாப்பாட்டைக் குறை என்று. 'சுக்கு சுக்கு செப்பாரோ' படம் போட்ட தாள் ஒன்றும் கையில் வந்தது: தட்டில் கால் பங்கு சோறு, கால் பங்கு மீன் அல்லது கோழி, பாதித் தட்டு காய், பழம். தாளில் தப்பே இல்லை. சோற்றை ஏற்கெனவே அரை அகப்பையாகக் குறைத்துவிட்டேன் என்றேன். அப்போதுதான் நிமிர்ந்து என் இடுப்பை ஒரு பார்வை பார்த்தார். எல்லாம் மறந்தாலும் அது மறக்கவில்லை.

ஒரு மாதம் இன்னும் குறைத்தேன். காலை பத்து மணி ஆனால் கை நடுங்குகிற பசி. அம்மா ரப்பர் பால் வெட்டின காலத்தில் எங்கள் வீட்டில் பசியாறுவது பத்து மணிக்குத்தான், அந்தப் பழக்கம் எனக்கும் ஒட்டிக்கொண்டது. வயிற்றில் ஊறும் கிரெலின் என்கிற ஹார்மோன் வழக்கமாகச் சாப்பிடும் நேரத்தை ஒட்டி ஏறி, சாப்பிட்டதும் இறங்குமாம். கொழுப்பிலிருந்து வருவது லெப்டின், இருப்பு எவ்வளவு என்று மூளைக்குச் சொல்வது அது. பட்டினி கிடந்து இளைத்தால் லெப்டின் குறைந்து கிரெலின் ஏறுகிறது. உடம்பு விட்டதைப் பிடிக்கப் பார்க்கிறது. லெப்டினைக் கண்டுபிடித்தது 1994இல், கிரெலினை 1999இல். நான் படித்த பாடப் புத்தகத்தில் இரண்டு பேருமே கிடையாது. மாதக் கடைசியில் நின்று பார்த்தால் தராசு அரை கிலோ ஏறியிருந்தது.

இரண்டாவது தடவை வேறொரு டாக்டர். மணிக்கட்டைப் பிடித்து நாடி எண்ணினார், 54. வீங்கிய கண் இமையைப் பார்த்தார், காலைத் தொங்கப்போடச் சொல்லிக் குதிகால் நரம்பைத் தட்டினார். "ரத்தம் ஒண்ணு சொல்லுது, உடம்பு வேற சொல்லுது" என்று பெரிய ஆஸ்பத்திரிக்கு சூராட் (கடிதம்) எழுதிக் கொடுத்தார். தேதி கிடைக்கவே இரண்டு மாதத்துக்கு மேல்.

அந்த நாள் லீவு போட்டு, நாற்பது கிலோமீட்டர் பஸ்ஸில் போய் கவுண்டரில் நீட்டினால், "சாப்பு இல்லையே". டாக்டர் பெயர் இருக்கிறது, கையெழுத்து இருக்கிறது, கிளினிக் சாப்பு, அதாவது முத்திரை, மட்டும் இல்லை. போன் பண்ணிக் கேட்டுப் பார்க்கலாமே என்றேன். கவுண்டர்காரர் எனக்குப் பின்னால் நின்றவரின் தாளை வாங்கிக்கொண்டார். அடுத்த தேதி மூன்று வாரம் கழித்து. சூராட் கைக்கு வந்ததும் சாப்பு, கையெழுத்து, ஐசி (அடையாள அட்டை) நம்பர் மூன்றையும் அங்கேயே நின்று சரிபாருங்கள். பின்னால் நிற்பவர் முணுமுணுத்தால் முணுமுணுக்கட்டும்.

இதற்கிடையில் ஒரு நல்லது நடந்தது. தேதி மாற்றின மிஸ்ஸி (நர்ஸ்), "சாப்பிடற மருந்து எல்லாத்தையும் பையில போட்டுக் கொண்டு வாங்க, ஜாமு, நாட்டு மருந்து குடிச்சா அதையும்" என்றார். அப்படியே அள்ளிக்கொண்டு போனேன். அங்கே இருந்தது என்னைவிட இளைய ஒரு தமிழ் டாக்டர். பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது எப்ப இருந்துக்கா?"

"அது மருந்தில்ல டாக்டர், வெறும் வைட்டமின்."

ஒரு நாளைக்கு நமக்குத் தேவைப்படுவது 30 மைக்ரோகிராம் அளவுதானாம். நான் போட்டது அதைப்போல முந்நூறு மடங்குக்கு மேல். ரத்தத்தைச் சோதிக்கும் முறைகள் சிலவற்றில் பயோட்டினையே பசை மாதிரி பயன்படுத்துகிறார்கள். ரத்தத்திலும் அது நிறைய இருந்தால் கணக்கு குழம்பி, தைராய்டை வேலை வாங்கும் டிஎஸ்எச் குறைவாகவும், தைராய்டு சுரக்கும் டி4 அதிகமாகவும் காட்டும். தைராய்டு சோம்பினால் வருவது இதற்கு நேர்மாறு, அதனால் எனக்கு எல்லாம் நோர்மல் போலத் தெரிந்தது. எல்லா லேப்பிலும் அந்த முறை இல்லை, எனக்கு வாய்த்தது அது. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2017இலேயே எச்சரித்த விஷயம். தைராய்டு சோம்பினதால் முடி கொட்டியது, முடிக்காக மாத்திரை சாப்பிட்டேன், அந்த மாத்திரை தைராய்டை மறைத்துவிட்டது!

மூன்று நாள் நிறுத்திவிட்டு மறுபடி ரத்தம் கொடுத்தேன். டிஎஸ்எச் 19. நாலுக்குள் இருக்க வேண்டியது. டிஎஸ்எச் என்பது மூளைக்கு அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பி தைராய்டைப் பார்த்துப் போடும் அதட்டல். கங்காணி மாதிரிதான், ஆள் வேலை செய்யாவிட்டால் சத்தம் கூடும். தைராய்டு ஹார்மோன் குறைந்தால் செல்கள் எரிக்கிற வேகம் குறைகிறது, அதனால்தான் குளிர், மெதுவான நாடி, மலச்சிக்கல், ஏறின கொழுப்பு எல்லாம். காரணம் ஹஷிமோட்டோ என்றார். மோட்டார் சைக்கிள் பெயரோ என்று நினைத்தேன். 1912இல் இதை எழுதிய ஜப்பானிய டாக்டராம். உடம்பின் எதிர்ப்புச் சக்தியே தைராய்டைத் தாக்குகிற நோய்.

குறைகிற தைராய்டு ஹார்மோனுக்குப் பதிலாக லெவோதைராக்சின் மாத்திரை 50 மைக்ரோகிராம் கொடுத்தார்கள். அதிலும் ஒரு கூத்து. வெறும் வயிற்றில் என்று சொன்னதை, 'சோறு சாப்பிடாமல்' என்று புரிந்துகொண்டு, தினமும் கோப்பியோடு விழுங்கினேன். ஆறு வாரம் கழித்து டிஎஸ்எச் 14. இந்த ஹார்மோன் ரத்தத்தில் பாதியாகக் குறையவே ஏழு நாள் ஆகும், அதனால் மாற்றம் தெரிய ஆறு வாரமாவது காத்திருந்தே ஆக வேண்டும். ஆக ஆறு வாரமும் கோப்பியில் கரைந்தது. பச்சைத் தண்ணீரில் போட்டு, அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் கழித்துத்தான் கோப்பி. சோயாப் பாலும் ஒத்துவராது. கால்சியம், இரும்பு மாத்திரை என்றால் நாலு மணி நேர இடைவெளி. அளவைக் கூட்டாமலே அடுத்த தடவை 5.2.

எடை? மூன்று கிலோ இறங்கியது. எட்டும் போய்விடும் என்றிருந்த எனக்கு, தைராய்டால் ஏறுவது அவ்வளவு அதிகமில்லை, அதிலும் பெரும்பகுதி உப்பும் நீரும்தான் என்று டாக்டர் முதலிலேயே சொல்லிவிட்டார். மிச்சம் ஐந்து கிலோ, மாதக் கணக்கு முடிக்கிற ராத்திரிகளில் பதினோரு மணிக்கு நான் தின்ற மீ கோரேங். தூக்கம் குறைந்தாலும் கிரெலின் ஏறும் என்று சொல்லிப் பார்த்தேன். "அப்ப தூங்கு" என்றார் வீட்டுக்காரர்.

இப்போது ஐந்தேகாலுக்கு அலாரம். மாத்திரையைப் போட்டுக்கொண்டு, அவர் கோப்பி ஆற்றுகிற வாசனையை முகர்ந்தபடி ஆறேகால் வரைக்கும் உட்கார்ந்திருக்கிறேன்.

முன்நெற்றியில் குட்டி முடி முளைத்திருக்கிறது. எதிர்வீட்டு அக்கா பார்த்துவிட்டு, "பார்த்தியா, என் மாத்திரை!" என்றார். நான் நிறுத்தி மாதக்கணக்காகிறது என்றேன். அவருக்கும் அடுத்த புதன்கிழமை தைராய்டுக்கு ரத்தம் எடுக்கிறார்களாம். மாத்திரை சாப்பிடுவதை டாக்டரிடம் சொல்லுங்கள், மூன்று நாளாவது நிறுத்துங்கள் என்று தலைபாடாக அடித்துக்கொண்டேன்.

"விக்கிறவளே நிறுத்தினா எவடி வாங்குவா?" என்கிறார்.