சித்தியின் வேதப்புத்தகத்தில் இருந்த திகதிகள்

2025 செப்டம்பரில் என் சித்தி கண் ஆபரேஷனுக்குப் போகவில்லை. வலது கண்ணில் படலம் முற்றி, எதிரே நிற்பவர் யார் என்று குரலை வைத்துத்தான் கண்டுபிடிக்கிற நிலைமை. பல மாதம் காத்திருந்து கிடைத்த திகதி, செப்டம்பர் 25. நான் லீவு போட்டாயிற்று, முச்சக்கர வண்டிக்காரருக்கும் சொல்லி வைத்தாயிற்று. 20ஆம் திகதி இரவு போன் எடுத்தார். "வேண்டாம் தம்பி, அதுக்குள்ள நாங்கள் இங்க இருக்க மாட்டம்" என்றார். யாழ்ப்பாணம் போகிறாராக்கும் என்று நினைத்து எப்போது திரும்புவீர்கள் என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகுதான் விளங்கியது, சித்தி சொன்னது எடுத்துக்கொள்ளப்படுதலைப் பற்றி, அதாவது இயேசு வந்து விசுவாசிகளை வானத்துக்கு எடுத்துக்கொள்கிற நாளைப் பற்றி.

அந்தச் செப்டம்பர் 23, 24 கதை உங்களில் பலருக்கு ஞாபகம் இருக்கும். தென்னாபிரிக்காவில் ஒருவர், இயேசு தனக்குத் தரிசனத்தில் இந்த இரண்டு நாட்களையும் சொன்னார் என்று ஒரு பேட்டியில் சொல்ல, அது உலகம் முழுக்கப் பரவியது. தமிழிலும் வந்தது. சித்தி பார்த்தது தமிழில் ஒரு ஊழியக்காரர் அதையே எடுத்து, இன்னும் கொஞ்சம் கணக்குச் சேர்த்துப் பேசிய வீடியோ. அவர் பெயர் இங்கே வேண்டாம், எனக்கு அந்த ஆளோடு சண்டை இல்லை, அவர் சொன்னதோடுதான் சண்டை. திகதி தெரிந்த பிறகும் நம்பாதவர்கள் கைவிடப்படுவார்கள் என்றார். கடைசி விதையை இப்போதே விதையுங்கள் என்றார், காணிக்கையைத்தான் அப்படிச் சொல்வார்கள். கீழே வங்கிக் கணக்கு இலக்கம். லென்ஸுக்கென்று சித்தி ஒதுக்கி வைத்திருந்த காசில் பாதி அங்கே போயிருந்தது.

23 போனது, 24 போனது, 25ஆம் திகதி காலையில் வேறு யாரோ அந்தக் கட்டிலில் ஆபரேஷனுக்குப் படுத்திருப்பார்கள். சனிக்கிழமை நான் வெள்ளவத்தைக்குப் போனேன். சித்தி இருப்பது கடற்கரைப் பக்கமாக ஒரு பழைய தொடர்மாடியில், மூன்றாம் மாடி, ரயில் போனால் ஜன்னல் கண்ணாடி நடுங்கும். பிளேன் டீ தந்தார். சீனி போட மறந்திருந்தார். அழவில்லை, கோபப்படவும் இல்லை. "நான்தான் சரியா விசுவாசிக்கேல்லைப் போல" என்றார். அந்த ஒரு வசனத்துக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

ஒருவர் சொன்ன திகதி பொய்யாகப் போகிறது, அந்தப் பொய்யின் பாரத்தை எழுபத்தொரு வயது மனுஷி தன் விசுவாசக் குறைவு என்று தலையில் தூக்கி வைத்துக்கொள்கிறார். இது எங்கேயோ அடியிலேயே பிழைத்திருக்கிறது.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் இயேசுவின் இரண்டாம் வருகையை நம்பாதவன் இல்லை. உயிருள்ளோரையும் மரித்தோரையும் நியாயந்தீர்க்க அவர் வருவார் என்று ஞாயிறுதோறும் எழுந்து நின்று விசுவாசப்பிரமாணத்தில் சொல்கிறேன், மனதாரத்தான் சொல்கிறேன். தீர்க்கதரிசனம் என்றாலே தள்ளிவிடுகிற ஆளும் இல்லை. "தீர்க்கதரிசனங்களை அற்பமாயெண்ணாதிருங்கள்" என்று பவுல் சொல்லியிருக்கிறாரே. ஆனால் அடுத்த வரியிலேயே "எல்லாவற்றையும் சோதித்துப்பார்த்து, நலமானதைப் பிடித்துக்கொள்ளுங்கள்" என்கிறார். முதல் வரி எல்லா மேடையிலும் கேட்கிறது, இரண்டாவது வரியை யார் பிரசங்கிக்கிறார்கள்?

எதை வைத்துச் சோதிப்பது? திகதி போய்விட்டால் சோதனை தானாகவே முடிந்துவிடுகிறது. உபாகமம் 18இல் இருக்கிறது, சொன்ன காரியம் நடக்காவிட்டால் அது கர்த்தர் சொன்னதல்ல, "அவனுக்கு நீ பயப்படவேண்டாம்". ஆனால் சித்திக்கு உதவி தேவைப்பட்டது 20ஆம் திகதி இரவு, 25ஆம் திகதி காலையில் இல்லை. திகதிக்கு முன்னாலேயே சோதிக்க வழி இருக்கவேண்டும். இருக்கிறது என்றுதான் நினைக்கிறேன், அதுவும் சீர்திருத்த சபைகள் 500 வருஷமாகக் கையில் வைத்திருக்கிற வழி. வேதம் மட்டும், கிருபை மட்டும், விசுவாசம் மட்டும், கிறிஸ்து மட்டும் என்று ஞாயிறு பாடசாலையில் படித்தோமே, அதைப் பழைய சண்டையின் கோஷமாக விட்டுவிட்டோம். அதைத் தராசாக எடுத்து இந்த வீடியோவை வைத்துப் பார்த்தேன்.

வேதம் மட்டும் என்பதிலிருந்து தொடங்கினேன். "அந்த நாளையும் அந்த நாழிகையையும்" ஒருவனும் அறியான் என்று மத்தேயு 24:36 சொல்கிறது. அதற்கு இவர்களிடம் தயாராக ஒரு பதில் உண்டு. ஒருவரும் அறியாத நாள் என்பது எக்காளப் பண்டிகைக்கு யூதர்கள் வைத்த பெயராம், பிறையைப் பார்த்துத்தான் அந்த நாள் தொடங்குமாம், ஆகவே இயேசு மறைமுகமாகத் திகதியைச் சொல்லிவிட்டாராம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தப் பெயர் வேதத்தில் எங்கே இருக்கிறது? லேவியராகமம் 23ஐத் திறந்தால் அந்தப் பண்டிகைக்கு "ஏழாம் மாதம் முதலாந்தேதி" என்று நேராகவே போட்டிருக்கிறது. போதாததற்கு மாற்கு 13:32இல் "குமாரனும் அறியார்" என்று இருக்கிறது. குமாரனே அறியார் என்று எழுதியிருக்கிற இடத்தில் ரகசியக் குறிப்பைத் தேடுவது அந்த வசனத்தைப் படிப்பது இல்லை, அதைத் தாண்டிக் குதிப்பது. நாளும் நாழிகையும்தான் தெரியாது, வருஷம் தெரியும் என்று சிலர் சொல்வார்கள். அவர்களுக்கு அப்போஸ்தலர் 1:7 இருக்கிறது, "காலங்களையும் வேளைகளையும் அறிகிறது உங்களுக்கு அடுத்ததல்ல". அங்கே நாழிகை என்ற பேச்சே இல்லை.

அத்திமரம் துளிர்ப்பதைப் பார்த்து முடிவு கிட்ட வந்ததை அறியுங்கள் என்று இயேசு சொன்ன உவமையை வைத்துப் போடுகிற அத்திமரக் கணக்கும் அந்த வீடியோவில் வந்தது. அத்திமரம் என்றால் இஸ்ரவேல், துளிர்விட்டது அந்த நாடு உருவான 1948, அதைக் கண்ட சந்ததி ஒழியுமுன் எல்லாம் நடக்குமாம், ஒரு சந்ததி 40 வருஷம், ஆகவே 1988. அது போனது. பிறகு சங்கீதம் 90ஐ எடுத்து எழுபது வருஷம் என்றார்கள், 2018. அதுவும் போனது. அதே வசனத்தில் எண்பது வருஷம் என்றும் இருப்பதால் இப்போது 2028. எண்ணை மாற்றுகிறார்கள், அடித்தளத்தை யாரும் தட்டிப் பார்ப்பதில்லை. இதே உவமையை லூக்கா எழுதும்போது "அத்திமரத்தையும் மற்றெல்லா மரங்களையும் பாருங்கள்" என்று எழுதுகிறார். மற்றெல்லா மரங்களும் எந்தெந்த நாடுகள்? மரம் துளிர்த்தால் வசந்தகாலம் கிட்ட வருகிறது என்று பார்க்கிற எவனுக்கும் தெரியும், அதுதான் உவமை. சித்தியிடம் லூக்காவை எடுத்து வாசித்துக் காட்டியபோது, "இவ்வளவு நாளும் இந்த வரியை நான் பாக்கவே இல்லையே" என்றார். கண் தெரியாததால் அல்ல, யாரும் காட்டாததால்.

ஆனால் எனக்குப் பெரிய பிரச்சினை கணக்கில் இல்லை. திகதியை நம்பாதவர்கள் கைவிடப்படுவார்கள் என்ற அந்த ஒரு வரியில் இருக்கிறது. "கிருபையினாலே விசுவாசத்தைக்கொண்டு இரட்சிக்கப்பட்டீர்கள்" என்று பவுல் எபேசியருக்கு எழுதினார். எதன்மேல் விசுவாசம்? கிறிஸ்துவின்மேல். செப்டம்பர் 23இன்மேல் இல்லை. சிலுவையில் முடிந்தது என்று அவர் சொன்ன ஒன்றோடு, ஒரு திகதியை அறிந்திருக்க வேண்டும், ஒரு வீடியோவைப் பகிர்ந்திருக்க வேண்டும், ஒரு தொகையை அனுப்பியிருக்க வேண்டும் என்று எதைக் கூட்டினாலும் அது வேறொரு சுவிசேஷம். வானத்திலிருந்து தூதனே வந்து சொன்னாலும் ஏற்கவேண்டாம் என்று கலாத்தியருக்கு எழுதியிருக்கிற காரியம் இது. பாவமன்னிப்புச் சீட்டுக் காசுக்கு விற்கப்பட்டபோது 1517இல் ஜெர்மனியில் மார்ட்டின் லூதர் எழுந்து நின்றார், சீர்திருத்தம் அங்கேதான் தொடங்கியது. பயத்தைக் காட்டிக் காசு வாங்குவதுதான் அன்றைக்கும் நடந்தது. அன்றைக்கு, செத்தபின் பாவத்துக்காக வேதனைப்படும் இடம் என்று சொல்லப்பட்ட உத்தரிக்கிற ஸ்தலத்தைப் பற்றிய பயம், இன்றைக்குக் கைவிடப்படுதலைப் பற்றிய பயம்.

லூதர் பக்கத்து ஆட்கள் மட்டும் இதில் தவறவில்லை என்று நான் சொல்லவில்லை. லூதரே கடைசி நாள் கிட்ட இருக்கிறது என்று நம்பியவர்தான். அவருடைய நண்பர் மிகாயேல் ஸ்டீஃபல் என்ற போதகர், நல்ல கணித மேதை, எழுத்துகளுக்கு எண் போட்டுக் கூட்டி, 1533 ஒக்டோபர் 19 காலை எட்டு மணிக்கு உலகம் முடியும் என்று அறிவித்தார். வேண்டாம் என்று லூதர் முன்கூட்டியே எச்சரித்தார், அவர் கேட்கவில்லை. எட்டு மணி ஆனது, ஒன்றும் நடக்கவில்லை, அவரைக் காவலில் வைத்தார்கள், சபையும் போனது. ஆனால் லூதர் அவரைக் கைவிடவில்லை, பிறகு அவருக்கு வேறொரு சபை கிடைக்க உதவினார். ஸ்டீஃபல் அதன்பின் கணிதத்தில் நல்ல நூல் எழுதினார். பிழையைப் பிழை என்றும் சொன்னார்கள், ஆளையும் தூக்கிவிட்டார்கள். நம் சபைகளில் இந்த இரண்டில் ஒன்றுதான் நடக்கிறது.

1844 ஒக்டோபர் 22ஐப் பற்றியும் சொல்லலாம், அமெரிக்காவில் வில்லியம் மில்லரின் கூட்டத்தார் வேதத்தில் தானியேல் புத்தகத்தில் வருகிற 2300 நாட்களை வருஷங்களாக்கி, வருகைக்காகக் காத்திருந்தார்கள், சிலர் வயலில் விளைந்ததை அறுக்காமலே விட்டார்கள். 2011இல் ஹரோல்ட் கேம்பிங் என்ற அமெரிக்க வானொலிப் பிரசங்கி மே 21 என்றார், பிறகு ஒக்டோபர் 21 என்றார். பட்டியல் நீளம், விடுவோம்.

அன்றைக்குச் சித்தி தன் வேதப்புத்தகத்தை எடுத்து என் கையில் தந்தார். பழசு, பழைய காலண்டர் தாளால் அட்டை போட்டு, மேலே பிளாஸ்டிக் உறை. மத்தேயு 24 தானாகவே திறந்தது. ஓரத்தில் திகதிகள், ஒவ்வொன்றும் ஒவ்வொரு பேனாவில். 1999 டிசம்பர் 31. 2012 டிசம்பர் 21. 2022 ஜூலை. அது எனக்கும் ஞாபகம் இருக்கிறது, இலங்கையில் பெட்ரோலுக்குக் கியூஆர் கோட் வந்த மாதம். அது இல்லாமல் எரிபொருள் வாங்க முடியாது என்றவுடன், மிருகத்தின் முத்திரை இல்லாதவன் "கொள்ளவும் விற்கவும்" முடியாது என்ற வெளிப்படுத்தல் 13ஆம் அதிகார வசனம் வாட்ஸ்அப்பில் வீடு வீடாக வந்தது. (அதற்கு அடுத்த அதிகாரத்தின் முதல் வசனத்திலேயே ஆட்டுக்குட்டியானவரோடு நிற்பவர்களின் நெற்றியில் பிதாவின் நாமம் எழுதியிருக்கிறது. நீ யாரை வணங்குகிறாய், யாருக்குச் சொந்தம் என்பதுதான் இரண்டு இடத்திலும் கேள்வி. போனில் இருக்கிற கறுப்புப் புள்ளிகளில் யாரும் யாரையும் வணங்கவில்லை.)

எல்லாவற்றுக்கும் மேலே, பென்சிலால், மங்கிப்போய் ஒன்று இருந்தது. 30.10.95.

அது யாரும் சொன்ன தீர்க்கதரிசனம் இல்லை. போர் நடந்த காலத்தில், யாழ்ப்பாணத்து வலிகாமத்திலிருந்து சனம் எல்லாம் ஒரே இரவில் வெளிக்கிட்ட நாள். நாவற்குழிப் பாலத்தை நோக்கி மழையில் நடந்தவர்களில் சித்தியும் ஒருவர், என் அம்மம்மாவைச் சைக்கிள் கரியரில் வைத்துத் தள்ளிக்கொண்டு. திகதி இருந்தது இருபதாம் வசனத்துக்கு நேரே, ஓடிப்போவது "மாரிகாலத்திலாவது" சம்பவியாதபடி வேண்டிக்கொள்ளச் சொல்கிற வசனம். "அண்டைக்கு இந்த வசனத்தைத்தான் சொல்லிக்கொண்டு நடந்தனான், ஆண்டவருக்கு மழையைப் பற்றியும் தெரிஞ்சிருக்கே எண்டு" என்றார்.

அந்தத் திகதியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே கொஞ்ச நேரம் இருந்தேன். ஒரே பக்கம்தான். மேலே இருக்கிற திகதி, வசனம் ஒரு மனுஷியைத் தாங்கிய நாள். கீழே இருக்கிற திகதிகள் எல்லாம் வசனத்தைக் காட்டி அவரைப் பயமுறுத்திய நாட்கள். பவுல் தெசலோனிக்கேயருக்கு வருகையைப் பற்றி எழுதி முடிக்கும்போது, "இந்த வார்த்தைகளினாலே நீங்கள் ஒருவரையொருவர் தேற்றுங்கள்" என்றுதான் முடிக்கிறார். அந்த வீடியோவை நான் இரண்டு தரம் முழுக்கப் பார்த்தேன், நாற்பது நிமிஷம், ஒரு இடத்திலும் தேற்றுதல் இல்லை. திகதிக்காகக் காத்திருக்காமல், முதல் பத்து நிமிஷத்திலேயே எனக்கு அது போதுமாக இருந்திருக்க வேண்டும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். தீர்க்கதரிசிகள் இரண்டு மூன்று பேர் பேசினால் "மற்றவர்கள் நிதானிக்கக்கடவர்கள்" என்று 1 கொரிந்தியர் 14இல் இருக்கிறது. போனில் பார்க்கும்போது அந்த மற்றவர்கள் யார்? இரவு பதினொரு மணிக்குத் தனியாக, காதில் இயர்போனோடு, ஒரு கண்ணால் பார்த்துக்கொண்டு சித்தி. அவர் போகிற சபையில் போதகருக்கு இது தெரிந்திருந்தது, ஆட்களின் மனம் நோகும் என்று பேசாமல் விட்டாராம். நானும்தான் விட்டேன். ஓகஸ்டிலேயே சித்தி எனக்கு அந்த வீடியோவை அனுப்பியிருந்தார், நான் திறக்கவே இல்லை, ஒரு கைகூப்பும் இமோஜி போட்டுவிட்டு வேலைக்குப் போய்விட்டேன். எல்லா விசுவாசிகளும் ஆசாரியர்கள், ஒருவரையொருவர் தாங்கவேண்டியவர்கள் என்று நம்புகிற நான் அன்றைக்கு அதைச் செய்யவில்லை. ஆகையால் உங்கள் வீட்டில் அம்மாவோ மாமியோ இப்படி ஒன்றை அனுப்பினால், தயவுசெய்து திறந்து பாருங்கள், பக்கத்தில் போய் இருந்து வேதத்தைத் திறந்து இரண்டு பேருமாக வாசியுங்கள். 2028க்கு இன்னும் நிறைய வரப்போகிறது.

சித்திக்கு ஜனவரியில் வேறு திகதி கிடைத்தது, லென்ஸ் காசைப் பிள்ளைகள் எல்லோருமாகச் சேர்த்துப் போட்டோம். கட்டு அவிழ்த்த பிறகு அந்தப் பக்கத்தை எடுத்து வைத்துக்கொண்டு, கீழே இருந்த திகதிகளை அழித்துவிடட்டுமா என்று கேட்டார். பேனாவால் எழுதியது அழியாது சித்தி என்றேன். சரி என்று ஒரு கோடு போட்டார், ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக. 30.10.95ஐ மட்டும் விட்டுவிட்டு, பென்சில் எங்கே என்று கேட்டு, மங்கியிருந்த எழுத்தின்மேல் இன்னொரு தரம் எழுதினார்.