புதுச் சிலந்திக்குப் பெயர் வைத்த கதை

புது உயிரினம் கண்டுபிடித்தோம் என்றால் எல்லோரும் காட்டில் நடந்ததைத்தான் கேட்கிறார்கள். அந்தக் குதிக்கும் சிலந்தி ஒரு காலைப்பொழுதில் கையில் கிடைத்தது, அவ்வளவுதான் கதை. அது புதியதுதான் என்று நிரூபிக்கத்தான் வருஷக்கணக்கில் இழுத்தது.

சிலந்தியில் நிறத்தை நம்ப முடியாது, ஆல்கஹாலில் போட்டதும் மங்க ஆரம்பித்துவிடும். அதனால் உயிரோடு இருக்கும்போதே படம் எடுத்துவிட்டோம். உண்மையான அடையாளம் இனப்பெருக்க உறுப்பில் இருக்கிறது: ஆணுக்குப் பெடிபால்ப் (வாய்க்குப் பக்கத்தில் இருக்கும் குட்டிக்கால் போன்ற உறுப்பு), பெண்ணுக்கு எபிஜைன் (வயிற்றின் அடிப்பக்கத்தில் இருக்கும் இனப்பெருக்கத் தகடு). இந்த எபிஜைனைப் பிரித்தெடுத்து பொட்டாசியம் ஹைட்ராக்சைடில் வைத்தால் தசையெல்லாம் கரைந்து, உள்ளே சுருண்டிருக்கும் குழாய்கள் தெளிவாகத் தெரியும். கொஞ்சம் அதிக நேரம் விட்டால் அவையும் வெளிறிப்போகும் என்பதால் நுண்ணோக்கியை விட்டு எழுந்திருக்கவே முடியாது.

அப்புறம் ஒப்பீடு. அந்தப் பேரினத்தில் ஏற்கெனவே பெயர் வாங்கிய ஒவ்வொரு சிற்றினத்தையும் எடுத்து, நம்முடையது இதுவல்ல என்று காட்ட வேண்டும். மற்ற விலங்குகளின் பெயர்களுக்குக் கணக்கு 1758-இல் தொடங்குகிறது, சிலந்திக்கு மட்டும் ஸ்வீடன் நாட்டு இயற்கையியலாளர் கிளெர்க் எழுதிய நூலால் 1757. பத்தொன்பதாம் நூற்றாண்டு விவரிப்புகள் சில லத்தீனில் நாலு வரி, படம் கிடையாது. ஆணை மட்டும் வைத்து ஒரு பெயர், பெண்ணை மட்டும் வைத்து இன்னொரு பெயர், இரண்டும் ஒரே பிராணியோ யார் கண்டது! மூல மாதிரியான ஹோலோடைப்பைப் பார்த்தால்தான் தீரும். ஓர் அருங்காட்சியகம் படமெடுத்தே அனுப்பிவைத்தது, இன்னொன்று மாதக்கணக்கில் பதிலே போடவில்லை.

டிஎன்ஏ வரிசையும் சேர்த்தோம். ஆனாலும் மதிப்பாய்வாளர் ஒருவர், இது பக்கத்துச் சிற்றினத்தின் வேறுபாடாக இருக்கக் கூடாதா என்று கேட்டார். எரிச்சல் வந்தாலும் நியாயமான கேள்விதான். கூடுதல் மாதிரிகளை அளந்து அட்டவணை போட்டபின் ஒத்துக்கொண்டார்.

கடைசியில் சட்டச் சடங்குகள். ஹோலோடைப் எது, எந்தச் சேகரிப்பில் இருக்கும் என்று எழுதியாக வேண்டும். மின்னிதழில் மட்டும் வெளியானால், விலங்குப் பெயரிடல் விதிகளின் 2012 திருத்தத்தின்படி ஸூபேங்க் என்ற இணையப் பதிவேட்டில் பதிவு செய்து, அதற்கான சான்றைக் கட்டுரைக்குள்ளேயே காட்ட வேண்டும், இல்லாவிட்டால் பெயர் செல்லாது. வெளியீட்டுக்கு முன் சரிபார்க்க எங்களுக்கு வந்த படியில் அந்தச் சான்று வரியையே காணோம், சொல்லித் திரும்பச் சேர்க்க வைத்தோம். இன்னொன்று, கட்டுரை வெளியாகும்வரை பெயரை மாநாட்டுப் போஸ்டரில்கூடப் போடாதீர்கள், 'புதிய சிற்றினம்' என்று மட்டும் போட்டால் போதும்.