பங்குனி ஆமைக்காக நடந்த இரவுகள்

கல்லூரி மூன்றாம் ஆண்டு படிக்கும்போது, 2025 ஜனவரியில், ஆமை நடைக்குத் தன்னார்வலராகப் பெயர் கொடுத்தேன். சென்னையில் ‘டர்ட்டில் வாக்’ என்றுதான் சொல்வார்கள். ஆலிவ் ரிட்லி என்கிற பங்குனி ஆமை கடலிலிருந்து கரையேறி இட்டுப் போகும் முட்டைகளை இரவில் நடந்து தேடி, பத்திரமாகப் பொரிக்க வைக்கிற வேலை. 1970களிலேயே இந்தக் கரையில் ஆமை முட்டை தேடி நடந்திருக்கிறார்கள். 1988இல் மாணவர்கள் அந்த வேலையைக் கையில் எடுத்தார்கள். இன்றும் விடாமல் நடக்கிறது. சேருவதற்குப் பெரிய தேர்வு எதுவும் கிடையாது. ஒரு சனிக்கிழமை இரவு பொதுமக்களோடு நடந்தேன், மறுவாரமும் போனேன், அவ்வளவுதான். வீட்டில் சம்மதம் வாங்கத்தான் நாளானது. “ராத்திரி முழுக்கக் கடற்கரையில உனக்கு என்னடி வேலை?” என்று அம்மா கேட்டுக்கொண்டே இருந்தார். கடைசியில் எங்கள் குழுவை நடத்தும் அக்காவே அம்மாவிடம் போனில் பேசினார்.

நீலாங்கரையில் தொடங்கி, பாலவாக்கம், கொட்டிவாக்கம், திருவான்மியூர் வழியாக பெசன்ட் நகர் வரை ஏறக்குறைய 7 கிலோமீட்டர். இரவு பதினொன்றரைக்குக் கிளம்பினால் முடிக்க விடியற்காலை ஆகிவிடும். டார்ச் அடிக்கக் கூடாது. வெளிச்சத்தைப் பார்த்தால் கரையேறும் ஆமை திரும்பிப் போய்விடும். முதல் பத்து நிமிடம் தடுமாறும். கண் பழகியதும் அலை நுரையின் வெளுப்பே போதும். கடல் மட்டத்துக்குச் சற்று மேலே, ஈர மணலை ஒட்டி வரிசையாக நடப்போம். தண்ணீரிலிருந்து மேலே ஏறிப் போகும் தடம் ஒன்று, இறங்கி வரும் தடம் ஒன்று. அதைத்தான் தேடுகிறோம்.

பல இரவுகளில் தடமே இருக்காது. அந்த ஜனவரியில் நாங்கள் அதிகம் பார்த்தது செத்த ஆமைகளை. சென்னையிலும் சுற்றியுள்ள கரைகளிலும் அந்த ஒரு மாதத்தில் 1,000-க்கும் மேல் ஒதுங்கின. ஆமை நுரையீரலால் மூச்சு விடும் பிராணி. இழுவை வலைக்குள் மாட்டி மேலே வர முடியாமல் போனால் மூழ்கிச் செத்துவிடும். கழுத்து வீங்கி, கண் பிதுங்கிக் கிடக்கும். கரையிலிருந்து 5 கடல் மைலுக்குள் இழுவைப் படகுகள் வரக் கூடாது என்று விதி இருக்கிறது. விதி இருந்தும் இத்தனை ஆமைகளா என்று எனக்குக் கோபம் கோபமாக வந்தது. ஓட்டின் நீளத்தை டேப்பால் அளந்து, நோட்டில் எழுதி, மறுநாள் வருபவர்கள் இரண்டாம் முறை எண்ணிவிடாமல் இருக்க ஓட்டின் மேல் பெயின்ட் அடையாளம் வைப்போம். ஒரே இரவில் நான்கு முறை அப்படிக் குனிந்து நிமிர்ந்த பிறகு, ஐந்தாவதைப் பார்த்ததும் அழுதுவிட்டேன். அக்கா ஒன்றும் சொல்லாமல் டேப்பை வாங்கி அவரே அளந்தார்.

பிப்ரவரி நடுவில், பாலவாக்கம் தாண்டி, என் கண்ணிலேயே முதல் தடம் பட்டது. துடுப்புகள் மாறி மாறித் தள்ளிய கோடுகள் மேலே போய், கலைந்த மணலில் முடிந்திருந்தன. ஆமை முட்டையிட்டதும் உடம்பால் மணலைத் தட்டி மூடிவிட்டு, சுற்றிலும் வாரி இறைத்துவிட்டுப் போகும். அதனால் குழி எங்கே என்று பார்த்தால் தெரியாது. மெல்லிய கம்பை அங்கங்கே அழுத்திப் பார்க்க வேண்டும். கெட்டி மணலில் கம்பு நின்றுவிடும். குழியின் மேல் மட்டும் வழுக்கிக்கொண்டு இறங்கும். “அடிக்கிற மாதிரி குத்தாதே, கை எடையை மட்டும் கொடு” என்றார் அக்கா. இருபது நிமிடம் ஆயிற்று. சட்டென்று மணல் வழிவிட்டதை உள்ளங்கை உணர்ந்தது.

அதற்குமேல் கையால்தான். முழங்கை வரை உள்ளே போனதும் விரல் நுனியில் வழவழப்பாக ஒன்று தட்டியது. பிங்பாங் பந்து அளவு, ஆனால் தோல் மாதிரி அமுங்குகிற ஓடு, லேசான கதகதப்பு. ஒவ்வொன்றாக எடுத்துத் துணிப்பையில் வைத்தேன்: 118. முட்டையிட்ட சில மணி நேரத்துக்குள் இடம் மாற்றிவிட வேண்டும். கரு ஓட்டின் உட்புறம் ஒட்டிக்கொண்ட பிறகு முட்டையைப் புரட்டினால் உயிர் போய்விடும். குழியின் ஆழம், வாயின் அகலம் எல்லாம் அளந்துகொண்டு, அதே குழியின் ஈர மணலையும் கொஞ்சம் எடுத்துக்கொண்டோம். பெசன்ட் நகரில் இருக்கும் பொரிப்பகம் வரை பையை நெஞ்சோடு அணைத்து, குலுங்காமல் நடந்தேன்.

பொரிப்பகம் என்பது வேலி போட்ட மணல்தான். குடம் போலக் கழுத்து குறுகி அடி அகன்ற அதே வடிவத்தில், ஏறக்குறைய ஒன்றரை அடி ஆழத்துக்குத் தோண்டி முட்டைகளை வைத்தோம். தேதியும் எண்ணிக்கையும் எழுதிய பலகையை நட்டோம். வெயில் ஏற ஏற நிழலும் போட்டோம். மணலின் சூடு சுமார் 30 டிகிரியைத் தாண்டினால் பெரும்பாலும் பெண் குஞ்சுகளே பொரியும் என்று அங்கேதான் தெரிந்துகொண்டேன்.

நாற்பத்தைந்தாவது நாளிலிருந்து தினமும் சாயங்காலம் போய்விடுவேன். பங்குனி பாதி கழிந்திருந்தது. பக்கத்துக் குப்பத்து மீனவத் தாத்தா ஒருவர் வேலிக்கு வெளியே நின்று, “பங்குனி ஆமை பங்குனியிலேயே வந்துடும் கண்ணு, கவலப்படாத” என்பார். நாற்பத்தெட்டாம் நாள் மணல் நடுவில் லேசாகக் குழிந்தது. கீழே குஞ்சுகள் ஓட்டைவிட்டு வந்து மேலே ஏறத் தொடங்கிவிட்டன என்று அர்த்தம். இரவு ஒன்பது மணிக்கு மணல் கொதிப்பது போல அசைந்து, ஒன்றன் மேல் ஒன்றாக ஏறி வந்தன. எண்ணி எண்ணிக் கூடையில் எடுத்தோம். தண்ணீரிலிருந்து கொஞ்ச தூரம் தள்ளி மணலில் விட்டோம். அந்தத் தூரத்தை அவையே ஊர்ந்து போக வேண்டும். சில குஞ்சுகள் சாலை விளக்கைப் பார்த்துத் திரும்பின. நாங்கள் விளக்குக்கும் அவற்றுக்கும் நடுவே வரிசையாக நின்று கால்களால் மறைத்தோம்.

இரண்டு நாள் கழித்துக் குழியைத் தோண்டிக் கணக்குப் பார்ப்பது வழக்கம். வெற்று ஓடு 97, பொரியாதவை 21. அடியில் ஓடுகளுக்கு நடுவே ஒரே ஒரு குஞ்சு உயிரோடு மாட்டியிருந்தது. மூக்கில் ஒட்டியிருந்த மணலை அக்கா தண்ணீர் விட்டுக் கழுவினார். இருட்டும் வரை ஈர மணல் போட்ட தட்டில் வைத்திருந்தோம். அப்புறம் நான்தான் கரையில் விட்டேன். முதல் அலை பின்னுக்குத் தள்ளியது. இரண்டாவதில் போய்விட்டது.